தங்கம் இல்லாமல் ஏழு ஒலிம்பிக்: மெர்லின் ஓட்டியை எப்படி அளப்பது?

கேள்வி இதுதான்: "ஜமைக்காவின் மெர்லின் ஓட்டி ஒலிம்பிக்கில் ஒன்பது பதக்கம் வாங்கியிருக்கிறார். ஒன்றுகூடத் தங்கம் இல்லை. முக்கியமான நேரத்தில் கோட்டை விடுகிறவர் என்றுதானே அதற்கு அர்த்தம்? அப்புறம் ஏன் அவரை எல்லாக் காலத்துக்குமான வேக ஓட்ட வீராங்கனைகளில் ஒருவர் என்கிறார்கள்?"

கோட்டை விட்டார் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவர் ஓடிய ஓட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் நீங்களும் ஏற்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் 3 வெள்ளி, 6 வெண்கலம் என்று இருக்கும். யாரிடம் தோற்றார், எவ்வளவில் தோற்றார் என்பது அதில் இருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெர்லின் பிறந்தது 1960 மே 10, ஜமைக்காவின் ஹனோவர் பகுதியில் கோல்ட் ஸ்பிரிங் என்ற ஊரில். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அவர் நாட்டுக்காரரான டான் குவாரி 200 மீட்டரில் தங்கமும் 100 மீட்டரில் வெள்ளியும் வென்றார். அந்த ஓட்டங்களை ரேடியோவில் கேட்டுத்தான் பள்ளிக்கூடப் பெண்ணான மெர்லினுக்கு ஓட்டத்தின் மேல் தீராத ஆசை வந்தது. அப்புறம் அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம். நான்கே வருடத்தில், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில், 200 மீட்டர் இறுதி ஓட்டத்தில் நின்றார். 22.20 விநாடியில் மூன்றாம் இடம். வெள்ளி வாங்கிய சோவியத் வீராங்கனை நடால்யா போச்சினா 22.19. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு! இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் வாழ்க்கை முழுவதும் இது திரும்பத் திரும்ப வரும். ஆங்கிலம் பேசும் கரீபியன் நாடுகளிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் பெண் அவர்தான். (நம் பி.டி. உஷா 16 வயதில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் ஓடியதும் இதே மாஸ்கோவில்தான்.)

மாஸ்கோவுக்கு அமெரிக்கா வரவில்லை. நான்கு வருடம் கழித்து லாஸ் ஏஞ்சலஸுக்கு சோவியத் யூனியனும் கிழக்கு ஜெர்மனியும் வரவில்லை. ஜமைக்கா இரண்டுக்கும் போனது, மெர்லின் இரண்டிலும் பதக்கம் வாங்கினார். 1984இல் 100, 200 இரண்டிலும் வெண்கலம். முன்னால் இருந்தவர்கள் நால்வரும் அமெரிக்கர்கள். 1988 சியோலில் பதக்கமே இல்லை. 200 மீட்டரை 21.99 விநாடியில் ஓடி நான்காவதாக வந்தார். முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வாங்கித் தந்த நேரங்களைவிட வேகமான ஓட்டம் அது. ஆனால் அன்று ஃப்ளோரன்ஸ் கிரிஃபித்-ஜாய்னர் ஓடிய 21.34, இந்த பதிலை எழுதும்வரை யாரும் தொடாத உலக சாதனை. அப்படிப்பட்ட ஒரு நாளில் அவர் பக்கத்துத் தடத்தில் நின்றது மெர்லினின் குற்றமில்லையே.

1991 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்தான் "கோட்டை விட்டார்" என்று சொல்பவர்களுக்குக் கிடைக்கும் ஒரே உருப்படியான ஆதாரம். அதற்கு முன் 100 மீட்டர் இறுதி ஓட்டங்களில் ஐம்பதுக்கும் மேல் தொடர்ந்து ஜெயித்திருந்தார். டோக்கியோவில் ஜெர்மனியின் கேட்ரின் கிராபே 10.99இல் முதலாவதாக வந்தார், மெர்லின் 11.06, மூன்றாம் இடம். 200 மீட்டரிலும் அதே கதை. இதை நான் மறைக்கப் பார்க்கவில்லை, அந்த வாரம் அவர் தன் உச்சத்தில் ஓடவில்லை. ஆனால் அதே டோக்கியோவில் 4x100 ரிலேயில் ஜமைக்காவுக்குத் தங்கம் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து பிரஸ்ஸல்ஸில் 200 மீட்டரை 21.64இல் ஓடினார். அதுவரை அதைவிட வேகமாக அந்தத் தூரத்தை ஓடியிருந்த பெண் கிரிஃபித்-ஜாய்னர் ஒருவர்தான்.

1992 பார்சிலோனா 100 மீட்டர் இறுதி ஓட்டத்தின் முடிவை அப்படியே தருகிறேன். கெயில் டெவர்ஸ் 10.82. ஜூலியட் கத்பர்ட் 10.83. இரினா பிரிவலோவா 10.84. க்வென் டாரன்ஸ் 10.86. மெர்லின் ஓட்டி 10.88. முதல் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் நடுவில் ஒரு விநாடியில் நூறில் ஆறு பங்கு. கண் இமைக்கும் நேரம்கூட அதைவிட அதிகம். 1984இல் எவலின் ஆஷ்ஃபோர்டுக்குத் தங்கம் கிடைத்த நேரம் 10.97. அதைவிட வேகமாக ஓடி ஐந்தாவதாக வந்தவரைப் பதறிப்போனவர் என்று எப்படிச் சொல்வது? 200இல் மறுபடியும் வெண்கலம். அதற்குள் பத்திரிகைகள் "வெண்கல ராணி" என்று பெயர் வைத்துவிட்டன.

இனி 1993 ஸ்டுட்கார்ட். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

மாவட்ட அளவிலான போட்டிகளில் முடிவுக்கோட்டுப் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நான் நின்றிருக்கிறேன். ஏணிப்படி போட்ட ஒரு ஸ்டாண்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம், துப்பாக்கிப் புகை தெரிந்ததும் அமுக்குவோம். ஒரே ஆளை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு கடிகாரமும் விநாடியில் பத்தில் ஒரு பங்காவது வேறுபடும். யார் முதல் என்று மனுசக் கண்ணால் சொல்ல முடியாத ஓட்டங்கள் எத்தனை வந்திருக்கின்றன என்று கணக்கே இல்லை. பெரிய போட்டிகளில் இந்த வேலையை போட்டோ ஃபினிஷ் கேமரா செய்கிறது. அது முடிவுக்கோட்டை மட்டும் ஒரு மெல்லிய கீற்றாக, விடாமல் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கீற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் ஒரு நீளமான படம் வரும். அதில் கால்கள் வளைந்தும் இழுபட்டும் விநோதமாகத் தெரியும். நடுவர் ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்தி, ஒவ்வொருவரின் உடம்பும் எங்கே தொடுகிறது என்று பார்ப்பார். தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் வராது. கழுத்துக்குக் கீழே, இடுப்புவரை உள்ள உடற்பகுதி மட்டும்தான். கோட்டுக்கு ஓரடி முன்னால் மார்பைத் தள்ளிச் சாய்கிறார்களே, அதற்குக் காரணம் இந்த விதிதான். வேக ஓட்டக்காரர்கள் கோட்டைக் கடக்கும்போது விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் போவார்கள். அப்படியென்றால் ஆயிரத்தில் ஒரு விநாடி என்பது ஒரு சென்டிமீட்டர். சட்டைப் பொத்தான் அகலம்.

ஸ்டுட்கார்ட் 100 மீட்டர் இறுதியில் டெவர்ஸ் வழக்கம்போல பிளாக்கிலிருந்து (புறப்படும்போது காலை ஊன்றி உந்தும் கட்டை) வெடித்துக் கிளம்பினார். அவர் குள்ளம், தடை ஓட்டமும் ஓடுபவர், முதல் முப்பது மீட்டரில் அவரைப் பிடிப்பது கஷ்டம். மெர்லின் உயரம், நீளமான காலடி, நிமிர்ந்து ஓடும் உடல்வாகு. பார்ப்பவர்களுக்குக் கடைசி இருபது மீட்டரில் அவர் வேகத்தைக் கூட்டுவது போலத் தெரியும். உண்மையில் 100 மீட்டரில் யாருமே அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவதில்லை. அறுபது மீட்டர் வாக்கில் எல்லோரும் உச்ச வேகத்தைத் தொட்டு, அப்புறம் மெல்லக் குறைகிறார்கள். யாருக்கு வேகம் குறைவாகக் குறைகிறதோ அவர் முந்துவது போலத் தெரிகிறது. தோளையும் தாடையையும் இறுக்கிக்கொள்ளாமல் ஓடுபவருக்குத்தான் அது வாய்க்கும். மெர்லினின் முகத்தை அந்த நேரத்தில் பாருங்கள், ஒரு தசைகூட இறுகியிருக்காது. அவரிடம் படிக்க வேண்டிய முதல் பாடம் அதுதான் என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

அன்றும் அப்படியே அங்குலம் அங்குலமாக டெவர்ஸை நெருங்கினார். கோட்டை இருவரும் ஒன்றாகவே தொட்டார்கள். இருவருக்கும் 10.82. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கத்தை டெவர்ஸுக்குக் கொடுத்தார்கள். ஜமைக்கா முறையிட்டது, எடுபடவில்லை. பரிசளிப்பின்போது ஸ்டுட்கார்ட் ரசிகர்கள் எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டியது வெள்ளி வாங்கியவருக்காக. சில நாளில் 200 மீட்டர் வந்தது. மெர்லின் 21.98, டாரன்ஸ் 22.00. பத்து வருடம் முன்பு முதல் உலக சாம்பியன்ஷிப்பிலேயே 200இல் வெள்ளி வாங்கியவருக்கு, 33 வயதில், உலக அளவில் தனிநபர் தங்கம்.

1995 கோதன்பர்க்கில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே அதிர்ஷ்டம் அவர் பக்கம் சாய்ந்தது. 200 மீட்டரில் டாரன்ஸ் வெகு தூரம் முன்னால் முதலாவதாக வந்தார், ஆனால் வளைவில் தன் தடத்தின் உள்கோட்டை மிதித்திருந்தார். விதிப்படி நீக்கினார்கள், தங்கம் மெர்லினுக்கு வந்தது. அவருக்கும் இரண்டாவதாக வந்த பிரிவலோவாவுக்கும் ஒரே நேரம், 22.12. இங்கே மயிரிழை அவருக்குச் சாதகம்.

அடுத்த வருடம் அட்லாண்டா. 100 மீட்டர் இறுதி. டெவர்ஸ் 10.94, ஓட்டி 10.94, டாரன்ஸ் 10.96. மூன்று வருடம் முன்பு நடந்ததையே திரும்பப் போட்டுக் காட்டியது போல இருந்தது. மறுபடி போட்டோ, மறுபடி முறையீடு, மறுபடி வெள்ளி. 200இல் பிரான்ஸின் மாரி-ஜோஸ் பெரெக்கிடம் 22.12க்கு 22.24 என்று தோற்றார், அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. அதே அட்லாண்டாவில் ஜமைக்காவின் டியான் ஹெமிங்ஸ் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நாட்டின் முதல் பெண் ஒலிம்பிக் சாம்பியன் ஆனார். பதினாறு வருடமாக நாடே மெர்லினிடம் எதிர்பார்த்த தங்கம் பக்கத்துக் கதவு வழியாக வந்தது. ஆறு வாரம் கழித்து மிலானில் மெர்லின் 10.74 ஓடினார், அவருடைய வாழ்நாள் சிறந்த நேரம். அட்லாண்டாவில் தங்கம் வாங்கித் தந்த நேரத்தைவிட நூறில் இருபது பங்கு குறைவு. வயது 36. ஒலிம்பிக் செப்டம்பரில் நடந்திருக்கக் கூடாதா என்று அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

1997 ஏதென்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில் நடந்தது வேறு விதமான கொடுமை. 100 மீட்டர் இறுதியில் தவறான புறப்பாடு, திரும்ப அழைக்கும் துப்பாக்கி சுட்டார்கள். மெர்லினுக்கு அது கேட்கவில்லை. மற்றவர்கள் நின்றுவிட, அவர் மட்டும் முழு வேகத்தில் பாதித் தூரம் ஓடிவிட்டார். வேக ஓட்டத்துக்கான சக்தி தசைகளில் சில விநாடிக்குத்தான் சேமித்து இருக்கும். செலவழித்ததை மறுபடி நிரப்ப நிமிடங்கள் வேண்டும். திரும்பி நடந்து வந்து ஓடியவர் ஏழாவதாக முடித்தார். 200இல் உக்ரைனின் ழானா பிந்துசெவிச்சுக்குத் தங்கம், இலங்கையின் சுசந்திகா ஜயசிங்கவுக்கு 22.39இல் வெள்ளி, மெர்லினுக்கு 22.40இல் வெண்கலம். மறுபடி அதே நூறில் ஒன்று. ஆனால் இதை நான் மெர்லினின் ஏமாற்றமாக மட்டும் பார்ப்பதில்லை. இவ்வளவு பெரிய ஒருவரை மயிரிழையில் முந்தித்தான் சுசந்திகா தெற்காசியாவுக்கு அந்தப் பதக்கத்தைக் கொண்டுவந்தார். உலக சாம்பியன்ஷிப்பில் மெர்லினின் கணக்கு 3 தங்கம், 4 வெள்ளி, 7 வெண்கலம் என்று 14 பதக்கங்களில் அங்கே நின்றது.

1999 ஜூலையில் லூசெர்ன் போட்டியில் எடுத்த மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து இருப்பதாக அறிக்கை வந்தது. தான் எதையும் எடுக்கவில்லை என்று ஆரம்பத்திலிருந்தே மறுத்தார். செவில்லே உலக சாம்பியன்ஷிப்பில் ஓடவில்லை. ஜமைக்கா சங்கம் குற்றமில்லை என்றது, சர்வதேச சம்மேளனம் அதை ஏற்காமல் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோனது. 2000 கோடையில் நடுவர் மன்றமும் அவரை விடுவித்தது. இந்த ஒரு வருடத்தை மட்டும் சொல்லி முடிவைச் சொல்லாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமில்லை.

விடுதலை கிடைத்தபோது வயது 40. ஜமைக்கா தகுதிப்போட்டி 100 மீட்டரில் நான்காவதாக வந்தார், முதல் மூன்று பேருக்குத்தான் இடம். ஆனால் சிட்னியில், தகுதிப்போட்டியில் ஜெயித்த இளம் வீராங்கனையை விலக்கிவிட்டு மெர்லினை 100 மீட்டரில் ஓட வைத்தார்கள். ஒலிம்பிக் கிராமத்துக்குள்ளேயே சக ஜமைக்கா வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மெர்லினை எவ்வளவு பிடித்தாலும் அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் சொல்வேன். ஓடுகளத்தில் ஜெயித்து எடுத்த இடத்தை மேஜையில் பறிக்கக் கூடாது. அந்தச் சூழலில் ஓடி 11.19இல் நான்காவதாக வந்தார், மூன்றாவதுக்கு 11.18. சில நாள் கழித்து 4x100 ரிலேயில் கடைசி ஆளாகக் கோலை வாங்கி ஓடி ஜமைக்காவுக்கு வெள்ளி கொண்டுவந்தார். அந்த அணியில் இருந்த வெரோனிகா கேம்பெல்லுக்கு அப்போது 18 வயது. 2004இல் அதே கேம்பெல் 200 மீட்டரில் தங்கம் வென்று, ஜமைக்கா பெண்களுக்குக் கிடைக்காமலே இருந்த வேக ஓட்டத் தங்கத்தை முதன்முதலாக எடுத்தார்.

சிட்னி 100 மீட்டரில் முதலாவதாக வந்த மேரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007இல் ஒப்புக்கொண்டார், பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 டிசம்பரில் இடங்களை மாற்றி அமைத்தபோது மெர்லினுக்கு அந்த வெண்கலம் வந்து சேர்ந்தது. ஒன்பதாவது பதக்கம் அதுதான், தபாலில் வந்த மாதிரி, ஒன்பது வருடம் தாமதமாக. அதே முடிவால்தான் சுசந்திகாவின் சிட்னி 200 மீட்டர் வெண்கலமும் வெள்ளியானது.

1998 முதல் அவர் ஸ்லோவேனியாவில் ஸ்ர்ட்ஜன் ஜோர்ஜெவிச் என்ற பயிற்சியாளரிடம் பயிற்சி செய்துவந்தார். 2002இல் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்லோவேனியா சட்டையில், 44 வயதில், 100 மீட்டர் அரையிறுதிவரை வந்தார். அது அவருடைய ஏழாவது ஒலிம்பிக். ஏழில் ஓடிய முதல் தடகள வீராங்கனை அவர். 200இல் தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டதால் அரையிறுதியோடு விலக வேண்டியதாயிற்று. 2007 ஒசாகா உலக சாம்பியன்ஷிப்பிலும் 47 வயதில் 11.64 ஓடினார். 2008 பெய்ஜிங்குக்குத் தகுதி நேரம் கிடைக்கவில்லை, எட்டாவது ஒலிம்பிக் கைகூடவில்லை.

பயிற்சி கொடுக்கிறவனாக எனக்கு அவரிடம் மிகப் பெரிய விஷயமாகத் தெரிவது அந்த வயதுக் கணக்குத்தான். 40 வயதில் 10.99. 46 வயதில் 11.34. 50 வயதில் 11.67. வேகத் தசைநார்கள்தான் வயதானால் முதலில் தேயும், முப்பதைத் தாண்டிய வேக ஓட்டக்காரரைத் தாத்தா என்று கூப்பிடும் உலகம் இது. நீண்ட தூரம் ஓடுபவர்கள் நாற்பதில் ஓடுவது வேறு, 100 மீட்டர் வேறு. முப்பது வருடத்துக்கும் மேலாக, குளிர்கால வெயிட் ட்ரெய்னிங்கிலிருந்து பிளாக் பயிற்சிவரை ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து ஆரம்பிக்க ஒரு உடம்பும் மனசும் ஒத்துக்கொண்டிருக்கின்றன. 1993இல் உள்ளரங்கில் அவர் ஓடிய 200 மீட்டர் நேரம், 21.87, இன்னும் உலக சாதனையாகவே இருக்கிறது.

அதனால், தங்கம் இல்லையே என்று கேட்டால், ஆமாம், ஒலிம்பிக் தங்கம் இல்லை, அது அவருக்கு வலித்திருக்கும், எனக்கும் வருத்தம்தான். ஆனால் இருபது வருட இடைவெளியில், 1980இலும் 2000இலும், ஒலிம்பிக் வேக ஓட்டத்தில் பதக்கம் வாங்கிய வேறொரு பெண்ணை எனக்குத் தெரியாது. இந்த இருபது வருடத்தில் அவரை ஜெயித்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: வோக்கெல் (மாஸ்கோ 200 மீட்டரில் தங்கம் வாங்கிய கிழக்கு ஜெர்மனிக்காரர்), ஆஷ்ஃபோர்டு, கிரிஃபித்-ஜாய்னர், கிராபே, டாரன்ஸ், டெவர்ஸ், பெரெக். ஒவ்வொருவரும் வந்தார்கள், ஜெயித்தார்கள், ஓய்வு பெற்றார்கள். பக்கத்துத் தடத்தில் எப்போதும் மெர்லின் நின்றிருந்தார்.

2010இல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் பார்சிலோனாவில், 1992இல் அவர் ஓடிய அதே மோன்ஜூயிக் மைதானத்தில் நடந்தது. ஐம்பது வயதில் ஸ்லோவேனியாவின் 4x100 ரிலேயில் ஓடினார். 2012இல் அதே போட்டி ஹெல்சிங்கியில். 1983இல் உலகின் முதல் தடகள சாம்பியன்ஷிப் நடந்தது அந்த ஒலிம்பிக் மைதானத்தில்தான். 23 வயது மெர்லின் 200 மீட்டர் வெள்ளியும் ரிலே வெண்கலமும் வாங்கிய இடம். இருபத்தொன்பது வருடம் கழித்து, 52 வயதில், தன்னில் பாதி வயதுகூட ஆகாத பெண்களோடு அதே நேர்ப்பாதையில் ரிலேயின் கடைசி ஆளாக நின்று, கையைப் பின்னால் நீட்டிக் கோலுக்காகக் காத்திருந்தார்.